ஜப்பானியர் வளர்த்த பள்ளிக்கூடம்

சிங்கப்பூரின் டோபி காட், முற்காலத்தில் இந்தியச் சலவைத் தொழிலாளர் ஓடைநீரில் துணி வெளுத்த இடமாகும். அத்தொழிலே அவ்விடத்திற்குப் பெயரும் தந்தது. அங்கு 1939-இல் எழுந்த கேத்தே மாளிகை, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமான பின், அவர்தம் வானொலிக்கும் பிரசாரத் துறைக்கும் இருப்பிடமாயிற்று. தீவின் பெயர் சியோனான் என மாறியது. பள்ளிகளில் மாணவர் காலைதோறும் ஜப்பானிய நாட்டுப்பண் பாடினர். தோக்கியோ நோக்கித் தலைவணங்கினர். ஜப்பானிய மொழி பயின்றனர். வென்ற படை பள்ளிக்கூடத்தின்மீது இத்துணை அக்கறை கொண்டது ஏன்? விடையை ஜப்பானின் கல்வி வரலாற்றிலே காண்போம்.

மேஜி மன்னர் ஆட்சியில் 1871-இல் கல்வி அமைச்சும், 1872-இல் கல்விச் சட்டமும் தோன்றின. உயர்ந்தோர் தாழ்ந்தோர், ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி யாவரும் கற்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் நோக்கம். அதே ஆண்டில் தோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் நிறுவப்பெற்றது.

ஆயினும் வழி எளிதாக இல்லை. பள்ளிச் செலவு குடிமக்கள் தலையில் விழுந்தது. பிள்ளைகளின் உழைப்போ வயலுக்கும் வீட்டிற்கும் தேவைப்பட்டது. சில ஊர்களில் உழவர் சினந்து பள்ளிகளைக் கொளுத்தினர். 1873-இல் பள்ளி சென்றோர் 100-க்கு 28 பிள்ளைகளே. பின்னர், பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏழைச் சிறுமியர்க்கெனத் தனிப் பள்ளிகளும் ஏற்பட்டன. முதுகில் குழந்தையைச் சுமந்தவாறே அவர்கள் எழுத்தறிந்தனர். 1900-இல் தொடக்கப்பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது. 1905-க்குள் 100-க்கு 95 பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்திருந்தனர்.

இஃது ஒரு பக்கம். மறுபக்கமும் உண்டு. 1890-இல் வெளிவந்த மன்னரின் கல்விக் கட்டளை, பற்றையும் பணிவையுமே கல்வியின் உயிர்நாடியாக்கியது. எழுதப் படிக்கக் கற்ற தலைமுறை, கேள்வி கேட்கக் கற்கவில்லை; போர் மூண்டபோது ஆணைக்கு அடங்கி நடந்தது. பள்ளியின் ஆற்றலைத் தம் நாட்டிற் கண்டவர்களே அதனைச் சிங்கப்பூரிலும் கையாண்டனர்.

1945-இல் ஜப்பான் தோற்றது. 1947-இல் பிறந்த புதிய கல்விச் சட்டம் அமைதியையும் தனிமனித மாண்பையும் குறிக்கோளாக்கி, 6 ஆண்டுத் தொடக்கக் கல்வியும் 3 ஆண்டு நடுநிலைக் கல்வியும் கட்டாயமாக்கியது. 1948-இல் மன்னரின் கட்டளை கைவிடப்பட்டது.

கேத்தே மாளிகையின் முகப்பு இன்றும் டோபி காட்டில் நிற்கிறது. அது நமக்கு இரண்டு பாடங்களை உணர்த்துகிறது. பெற்றோர்களே, வீட்டு வேலைக்கென ஒரு நாளும் பிள்ளையை நிறுத்தாதீர்கள். மாணவச் செல்வங்களே, பணிவோடு கற்பீர், ஆயினும் 'ஏன்?' என்று கேட்கத் தயங்காதீர். இரண்டும் சேர்ந்ததே கல்வி.