கைபேசி மின்கலம்: பழையதும் புதியதும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

கடிகாரம், நாட்காட்டி, வானொலி, புகைப்படக் கருவி, கைவிளக்கு, கணக்குப் பொறி என்று ஒரு காலத்தில் வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்த பொருள்களையெல்லாம் கைபேசி தன்னுள் அடக்கிக்கொண்டுவிட்டது. இத்தனைக்கும் உயிர் கொடுப்பது அதனுள் இருக்கும் ஒரே ஒரு மின்கலம். 'பாட்டரி' என்று நாம் அன்றாடம் அழைக்கும் அந்தச் சிறு பொருளைப் பற்றிச் சற்றுச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி பிறந்த விதம்

என் தந்தையார் கட்டட வேலைக்குச் செல்பவர். பொத்தான் வைத்த பழைய கைபேசி ஒன்றை வைத்திருக்கிறார். நான் வைத்திருப்பது நான்காண்டுகளுக்கு முன் வாங்கிய தொடுதிரைக் கைபேசி. ஒரு நாள் அவர் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, என்னோடது ஞாயித்துக்கிழமை சார்ஜ் போட்டா வியாழக்கிழமை வரைக்கும் நிக்குது. உன்னோடது காலையில போட்டா சாயங்காலமே செத்துப்போகுது. இதுக்குத்தானா இம்புட்டு பணம்?"

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவள் நான். இயற்பியல் படிக்கும் பெண் தன் தந்தை கேட்கும் கேள்விக்கு விடை கூற முடியாவிட்டால் அப்படிப்பினால் என்ன பயன்? மேலும், புதுக் கைபேசி வாங்குவதென்றால் அது அவருடைய பல நாள் கூலி. ஆகவே விடை தேடப் புகுந்தேன்.

கொள்ளளவும் செலவும்

மின்கலத்தை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று கொள்வோம். தொட்டி எவ்வளவு பெரியது என்பது ஒன்று. குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது மற்றொன்று. முன்னதை மில்லி ஆம்பியர் மணி என்னும் அலகாலும், பின்னதை மில்லி ஆம்பியர் என்னும் அலகாலும் அளக்கிறோம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது கிடைத்துவிடும். இதற்குப் பள்ளிக் கணக்கே போதும்.

2003-ஆம் ஆண்டு வெளிவந்த நோக்கியா 1100 கைபேசியை நம்மில் பலர் வீட்டில் பார்த்திருப்போம். அதன் மின்கலக் கொள்ளளவு 850 மில்லி ஆம்பியர் மணி. இன்று விற்கும் திறன்பேசிகள் பலவற்றில் இருப்பது 5000. அதாவது தொட்டி ஏறத்தாழ ஆறு மடங்கு பெரிதாகியிருக்கிறது. எனவே 'இந்தக் காலத்துப் பாட்டரியில் சரக்கில்லை' என்று பெரியோர் கூறுவது பொருந்தாது.

அப்படியானால் குழாயில்தான் விஷயம் இருக்க வேண்டும். நோக்கியா 1100 பேசாமல் காத்திருக்கும் நிலையில் 400 மணி நேரம் வரை நிற்கும் என்று அந்நிறுவனம் அறிவித்திருந்தது. 850-ஐ 400-ஆல் வகுத்தால் சுமார் 2 மில்லி ஆம்பியர். இன்றைய 5000 மில்லி ஆம்பியர் மணிக் கைபேசி ஒரு நாளில் தீர்ந்துவிடுகிறது என்றால் அதன் சராசரிச் செலவு சுமார் 208 மில்லி ஆம்பியர். தொட்டி ஆறு மடங்கு பெருத்தது. செலவோ நூறு மடங்கு பெருத்துவிட்டது!

உறக்கமும் விழிப்பும்

ஆனால் இந்த ஒப்பீடு நேர்மையானதுதானா? உறங்குகின்றவனின் உணவையும் உழைக்கின்றவனின் உணவையும் ஒப்பிடுவது முறையாகாது. அதே நோக்கியாவில் தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தால் நான்கரை மணி நேரம் வரைதான் நிற்கும் என்பதும் அந்நிறுவனம் கூறியதே. 850-ஐ 4.5-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 190 மில்லி ஆம்பியர் வருகிறது. அதாவது, வேலை செய்யும் நேரத்தில் பழைய கைபேசியும் இன்றைய கைபேசியின் சராசரிக்கு ஏறக்குறைய சமமாகவே மின்சாரத்தைக் குடித்தது!

அடுத்து, ஒரே வேலையை ஒரே நிறுவனத்தின் இரு கருவிகள் எவ்வாறு செய்கின்றன என்று காண்போம். 2007-இல் வந்த முதல் ஐபோனின் மின்கலம் 1400 மில்லி ஆம்பியர் மணி; அதில் 7 மணி நேரம் வரை படம் பார்க்கலாம் என்றார்கள். செலவு 200 மில்லி ஆம்பியர். 2023-இல் வந்த ஐபோன் 15-இன் மின்கலம் சுமார் 3350. படம் பார்க்க 20 மணி நேரம் வரை. செலவு சுமார் 168 மில்லி ஆம்பியர். முன்னதன் திரையில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் படப்புள்ளிகள். பின்னதில் முப்பது லட்சம். இருபது மடங்கு புள்ளிகளை இயக்கிக்கொண்டும் புதியது குறைவாகவே செலவழிக்கிறது. கணக்கிடும் சில்லுகளின் நுண்மை கூடியதும், திரையின் தொழில்நுட்பம் மாறியதும் இதற்குக் காரணங்கள்.

ஆகவே புதிய கைபேசி ஊதாரி அன்று, சிக்கனமானதே. பின் ஏன் ஒரு நாள்கூட நிற்பதில்லை? அதை நாம் உறங்க விடுவதில்லை! பழைய கைபேசி நாள் முழுவதும் சட்டைப் பையில் உறங்கி, அழைப்பு வரும்போது மட்டும் விழித்தது. புதியதோ பையில் கிடக்கும்போதும் செய்தி வந்ததா, அஞ்சல் வந்ததா, இருக்கும் இடம் எது என்று இணையத்தோடு உரையாடிக்கொண்டே இருக்கிறது. கையில் எடுத்தாலோ பெரிய திரை ஒளிர்கிறது. கோபுரம் தொலைவில் உள்ள ஊர்களில் கைபேசி உரக்கக் கூவ வேண்டியிருப்பதால் செலவு இன்னும் கூடும்.

இதைச் சோதிக்க ஒரு சனிக்கிழமை என் கைபேசியில் இணையத் தொடர்பைத் துண்டித்து, அழைப்புக்கு மட்டும் வைத்திருந்தேன். மாலையில் அணையும் அதே கைபேசி திங்கட்கிழமை காலை வரை நின்றது. அதைத் தந்தையாரிடம் காட்டியபோது அவர், "அப்ப தப்பு அது மேல இல்ல" என்று சிரித்தார்.

மின்கலம் மூப்படைதல்

எனினும், என் கைபேசி வாங்கிய புதிதில் இரவு வரை நின்றது. இப்போது மாலையிலேயே அணைகிறது. பயன்பாடு பெரிதும் மாறவில்லை. இங்கேதான் இரண்டாவது காரணம் வருகிறது. அது மூப்பு.

இன்றைய கைபேசிகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991-இல் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிகோலிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிராபைட்டாலான எதிர்முனைக்குச் சென்று அதன் அடுக்குகளுக்கிடையே தங்குகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. இப்பயணம் ஒவ்வொன்றிலும் சிறிதளவு லித்தியம் எதிர்முனையின் மேல் படலமாகப் படிந்து, மீளாமல் போய்விடுகிறது. பயணங்கள் கூடக் கூடத் தொட்டி சுருங்குகிறது. வெப்பம் இதை விரைவுபடுத்துகிறது.

சுருங்குவது மட்டுமா? அகமின்தடையும் உயர்கிறது. ஆய்வகத்தில் மின்னழுத்தமானி கொண்டு நாம் கண்டறியும் அதே அகமின்தடைதான். வெளியே கிடைக்கும் மின்னழுத்தம் V = E – Ir. மின்னியக்கு விசை 3.7 வோல்ட், ஒரு கணம் தேவைப்படும் மின்னோட்டம் 2 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அகமின்தடை 0.1 ஓம் எனில் 3.5 வோல்ட் கிடைக்கும். அது 0.3 ஓமாக உயர்ந்தால் கிடைப்பது 3.1 வோல்ட்தான். அது போதாமல் கைபேசி அணைந்துவிடும். 20 விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும்போதே, புகைப்படம் எடுக்கப் போனவுடன் திடீரென்று கண் மூடுவதன் மர்மம் இதுவே.

மின்கலம் மூத்த ஐபோன்கள் இவ்வாறு அணையாதிருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்துவந்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு எழவே, மின்கலம் மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. கைபேசியே கிழடாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கியோர் எத்தனை பேரோ! மின்கலத்தை மாற்றினாலே போதும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, வெப்பத்தைத் தவிர்க்க வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டியிலும், தலையணைக்கு அடியிலும் வைத்து மின்னேற்றக் கூடாது.

இரண்டாவது, 'முழுதும் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்' என்பது நிக்கல் காட்மியம் மின்கலங்களின் காலத்துப் பழக்கம். லித்தியம் மின்கலத்துக்கு அது தேவையில்லை. 20-க்கும் 80-க்கும் இடையே வைத்திருப்பதே அதன் ஆயுளுக்கு நல்லது.

மூன்றாவது, தேவையற்ற செயலிகள் பின்னணியில் இயங்குவதை நிறுத்தி, கைபேசியைச் சற்று உறங்க விட வேண்டும். அது நமக்கும் நல்லது.

நான்காவது, புதியது வாங்குமுன் பழையதன் மின்கலத்தை மாற்ற முடியுமா என்று விசாரிக்க வேண்டும். நான் சென்ற கடையில் முதலில், "புதுசு வாங்கிக்கம்மா" என்றார்கள். வற்புறுத்திக் கேட்ட பிறகு மாற்றித் தந்தார்கள். புதுக் கைபேசியின் விலையில் அது ஒரு சிறு பங்கே. இப்போது மறுபடியும் இரவு வரை நிற்கிறது. கழற்றிய பழைய மின்கலத்தைக் குப்பையில் எறியாமல் கடையிலேயே ஒப்படைத்தேன். நசுங்கினால் தீப்பற்றக்கூடிய பொருள் அது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் கைபேசிகளின் மின்கலம் 800 முறை ஏற்றி இறக்கிய பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்று விதி வகுத்திருக்கிறார்கள். கைபேசி வாங்கும்போது படப்பெட்டி எத்தனை, நிறம் என்ன என்று கேட்கும் நாமும், மின்கலம் எத்தனை ஆண்டு தாங்கும், மாற்றித் தருவீர்களா என்று கேட்கப் பழகுவோம். மின்கலம் மூத்துவிட்டது என்பதற்காகக் கைபேசியையே கழித்துவிடுவது, டியூப் பஞ்சரானதற்குச் சைக்கிளையே விற்றுவிடுவதற்கு ஒப்பாகும்.