ஒரே மனை, இரண்டு தண்ணீர்

பெங்களூரு லால்பாக்கில் கெம்பே கௌடர் கோபுரம் நிற்கும் பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். நகரத்தின் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பதும் இந்த வகைப் பாறைதான். காவிரித் தண்ணீர் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து மேடேறி வரவேண்டிய ஊர் இது. குழாய் எட்டாத வீடுகளுக்குக் கிணறே கதி.

பாறையின் மேற்பகுதி காலப்போக்கில் சிதைந்து மண்ணாகியிருக்கிறது. முப்பது நாற்பது அடித் திறந்த கிணற்றில் ஊறுவது இந்த அடுக்கில் தேங்கிய மழைநீர். போர்வெல்லோ 1,000 அடியையும் தாண்டி, கெட்டிப் பாறையின் விரிசல்களில் நெடுங்காலம் தங்கிய நீரை இழுக்கிறது. ஒரே மனையில் இரண்டும் இருந்தாலும் அவை வேறு வேறு தண்ணீர்.

மேல்நீரில் நம் வாழ்க்கையின் தடயம் இருக்கும். கழிவுநீர்க் குழியிலிருந்து கசியும் அம்மோனியாவை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை, நைட்ரேட்டுக்கும் அதே. ஒன்றையொன்று விலக்குவதால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை; நீரோடு நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. நிறமில்லை, மணமில்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அளவு மிஞ்சிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதைத் தாய்மார்கள் அனைவருக்கும் சொல்லியாக வேண்டும்.

ஆழத்து நீரில் பாறையின் தடயம். கனிமங்களிலிருந்து ஃப்ளூரைடு மெல்லக் கரைகிறது. பக்கத்துக் கோலார் மாவட்டத்தில் இதனால் பலருக்குப் பல்லும் எலும்பும் கெட்டன. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃப்ளூரைடைப் பிணைத்துப் படியவைக்கும். கால்சியம் குறைந்த மென்னீரில் அந்தத் தடை இல்லை. நாக்குக்கு இதமான, சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீரிலும் ஃப்ளூரைடு மிகுந்திருக்கலாம்! இந்தப் பாறையிலுள்ள யுரேனியமும் சில போர்வெல்களில் கரைந்து வருகிறது. இந்த அளவுகளில் அதன் கதிர்வீச்சைவிட, வேதிப்பொருளாகச் சிறுநீரகத்துக்குச் செய்யும் கேடே முதல் கவலை.

வீட்டுவாசலில் டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் தோய்த்துக் காட்டி வடிகட்டி விற்பவர்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். கரைந்த உப்புகளால் நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டுமே அது அளக்கும். எந்த உப்பு என்று சொல்லாது, ஈ.கோலை கிருமியைக் காணவே காணாது. புறஊதா விளக்கு கிருமியைக் கொல்லும், ஃப்ளூரைடைத் தொடாது. ஆர்.ஓ. இரண்டையும் குறைக்கும், ஆனால் நிறையத் தண்ணீரை வெளியே தள்ளும்.

2024 கோடையில் நகரின் ஆயிரக்கணக்கான போர்வெல்கள் வற்றின. அதன்பின் கூரை மழைநீரை உறைகிணற்றில் இறக்கும் வேலை இன்னும் வேகமெடுத்தது. நல்ல வேலை. ஆனால் சாலையில் ஓடும் நீரை வடிகட்டாமல் அதில் விட்டால் அழுக்கையும் சேர்த்தே மண்ணுக்குள் அனுப்புகிறோம்.

மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் உங்கள் கிணற்று நீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். நைட்ரேட், ஃப்ளூரைடு, கடினத்தன்மை, ஈ.கோலை ஆகியவற்றையும், போர்வெல் என்றால் யுரேனியத்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தாளைப் பார்த்தபிறகு வடிகட்டி வாங்குங்கள்.