கையில் பேண்ட், மேஜையில் போன்: இரண்டையும் சேர்த்து வைப்பது எப்படி?

"ஸ்மார்ட் வாட்ச் வாங்கிவிட்டேன். போனுடன் சேரமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?"

மாதம் இரண்டு பேராவது என்னிடம் கேட்கும் கேள்வி இது. சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு மிக்ஸி முதல் மோடம் வரை எல்லாம் தெரிந்திருக்கும் என்பது சொந்தக்காரர்களின் நம்பிக்கை. நானும் ஏதோ சொல்லிச் சமாளித்து வந்தேன். சென்ற தீபாவளிக்குத் திருநெல்வேலியில் இருக்கும் என் அப்பாவுக்கே ஒரு பிட்னஸ் பேண்ட் வாங்கிக் கொடுத்து, அதில் நான் செய்த தவறுகளைப் பார்த்த பிறகுதான் இதை ஒழுங்காக எழுத வேண்டும் என்று தோன்றியது.

அப்பாவுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. காது சற்று மந்தம். போன் எப்போதும் சாப்பாட்டு மேஜையில் கிடக்கும். அவரோ வாசல் திண்ணையில் இருப்பார். எத்தனை அழைப்பு வந்தாலும் கேட்காது. கையில் பேண்ட் இருந்தால் அழைப்பு வரும்போது மணிக்கட்டில் அதிரும் அல்லவா? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். எத்தனை அடி நடந்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதெல்லாம் உபரி.

புளூடூத் மெனுவில் தேடாதீர்கள்

நான் பார்சலில் அனுப்பிய பேண்டை அப்பா தாமே இணைக்க முயன்றிருக்கிறார். போனில் செட்டிங்ஸ் போய், புளூடூத் ஆன் செய்து, புதிய சாதனத்தைச் சேர்க்கும் ஆப்ஷனைத் தட்டியிருக்கிறார். பேண்டின் பெயர் வந்தது. அதையும் தட்டினார். இணைந்துவிட்டது என்று போன் சொன்னது. ஆனால் பேண்டில் நேரம்கூடச் சரியாக வரவில்லை. "ஏல, இதுக்கு என் பழைய ஹெச்.எம்.டி. வாட்சே தேவலைடே" என்றார் போனில்.

அவர் செய்ததில் தவறே இல்லை. புளூடூத் ஹெட்செட்டை அப்படித்தானே இணைக்கிறோம்? ஹெட்செட்டுக்கு ஒலியை எப்படி அனுப்புவது என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி இருக்கிறது. அது போனுக்கே தெரியும். பேண்ட் அப்படி அல்ல. அது பயன்படுத்துவது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வேறொரு வகை புளூடூத். 2010-ல் வெளியான புளூடூத் 4.0 விதிகளில் இது சேர்க்கப்பட்டது. ஆண்ட்ராய்டில் 2013-ல் வந்த 4.3 பதிப்பில் இடம் பிடித்தது. இந்த வகையில் போனும் பேண்டும் சின்னச் சின்னத் தகவல் துணுக்குகளைப் பரிமாறிக்கொள்ளும். எந்தத் துணுக்குக்கு என்ன அர்த்தம் என்பதைப் பெரும்பாலும் பேண்டைத் தயாரித்த நிறுவனமே தீர்மானிக்கிறது. அந்த அர்த்தம் தெரிந்தது அந்த நிறுவனத்தின் ஆப்புக்கு மட்டும்தான். ஆகவே இணைப்பை ஆப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏற்கனவே மெனு வழியாக இணைத்துவிட்டீர்களா? புளூடூத் பட்டியலில் பேண்டின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தட்டி 'மறந்துவிடு' கொடுங்கள். பிறகு ஆப்பைத் திறந்து மறுபடி ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் சில ஆப்கள் பக்கத்திலேயே இருக்கும் பேண்டைக் காணவில்லை என்று சாதிக்கும்.

எந்த ஆப் என்பது பெட்டியில் உள்ள தாளில் இருக்கும். பேண்டின் திரையிலேயே ஒரு க்யூ.ஆர். கோடு வந்தால் அதை ஸ்கேன் செய்தும் போகலாம். பிளே ஸ்டோரில் பெயரை மட்டும் அடித்துத் தேடினால் அதே போன்ற பெயருடன் வேறு ஆப்களும் வரும். கீழே நிறுவனத்தின் பெயர் சரியா என்று ஒரு முறை பாருங்கள். பழைய மாடலுக்கு ஒரு ஆப், புதிய மாடலுக்கு வேறொரு ஆப் என்று வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. மாடல் எண்ணைச் சரிபார்ப்பது நல்லது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஆப்பிள் வாட்சை ஆண்ட்ராய்டு போனுடன் இணைக்க வழியில்லை. விலை குறைவாகக் கிடைக்கிறது என்று பழைய ஆப்பிள் வாட்சை வாங்கிவிடாதீர்கள்.

கூவுவதை நிறுத்திவிட்ட பேண்ட்

அடுத்த தவறு என்னுடையது. ஊருக்குப் போனபோது, அப்பா போனைத் தொடுவதற்கு முன் பேண்ட் நன்றாக இருக்கிறதா என்று என் போனில் இணைத்துப் பார்த்தேன். பிரச்சினை இல்லாமல் சேர்ந்தது. பிறகு அப்பா போனில் ஆப்பைப் போட்டுத் தேடினால், அரை மணி நேரம் தேடியும் அகப்படவில்லை.

காரணம் எளிமையானது. பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் சேரும் வரைதான் "ஜங்ஷன், ஜங்ஷன்" என்று கூவுவார்கள். ஆள் ஏறிவிட்டால் கூவுவது நின்றுவிடும். பேண்டும் அப்படித்தான். இந்த வகை புளூடூத்தில் உள்ள 40 சேனல்களில் 3 சேனல்கள் இப்படிக் கூவுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. எந்தப் போனுடனும் சேராத பேண்ட் அவற்றில் "நான் இங்கே இருக்கிறேன்" என்று விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும். ஆப் கேட்பது அந்தக் குரலைத்தான். ஒரு போனுடன் இணைந்துவிட்டால் பெரும்பாலான பேண்டுகள் வாயை மூடிக்கொள்ளும். என் சட்டைப் பையில் இருந்த போனுடன் அது இணைந்தே இருந்தது. பிறகு அப்பா போனில் எப்படித் தெரியும்?

என் போனில் புளூடூத்தை அணைத்தேன். பேண்ட் தெரிந்தது. ஆனால் இணையவில்லை. வேறொரு கணக்கில் பதிவாகியுள்ளது என்று செய்தி வந்தது. என் ஆப்பில் போய் முறையாக அன்பேர் செய்த பிறகுதான் விட்டது. வீட்டில் இரண்டு மூன்று போன்கள் இருந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள். என்னைக் கேட்டால், இணைய மறுக்கிறது என்று வரும் புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

புதுப் பெட்டியைத் திறந்ததும் பேண்ட் உயிரில்லாமல் கிடந்தால் பயப்பட வேண்டாம். கடையில் இருக்கும்போது பேட்டரி வீணாகாமல் இருக்கச் சில பேண்டுகளை உறக்க நிலையில் வைத்து அனுப்புகிறார்கள். சார்ஜரில் போட்டால்தான் விழிக்கும். இணைந்த கையோடு புதிய பர்ம்வேர் இருக்கிறது என்று ஆப் கேட்கலாம். சார்ஜ் நிறைய இருக்கும்போது, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பாதியில் எழுந்து போகாதீர்கள்.

கடிகாரத்துக்கு எதற்கு லொக்கேஷன்?

ஆப்பைத் திறந்ததும் வரிசையாகப் பெர்மிஷன் கேட்கும். "நான் எங்கே இருக்கிறேன் என்று கடிகாரத்துக்கு எதற்கு?" என்று பலர் லொக்கேஷனை மறுத்துவிடுவார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை உள்ள போன்களில், பக்கத்தில் உள்ள புளூடூத் சாதனங்களைத் தேடவே லொக்கேஷன் பெர்மிஷன் வேண்டும். கடைகளில் பொருத்தியுள்ள சிறு புளூடூத் கருவிகளின் குரலைக் கேட்டாலே நீங்கள் எந்தக் கடையில் நிற்கிறீர்கள் என்று ஒரு ஆப் கண்டுபிடித்துவிட முடியும். அதனால்தான் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12-ல் அந்த முடிச்சை அவிழ்த்து, 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனிப் பெர்மிஷன் கொண்டுவந்தார்கள். ஆக, பழைய போன் என்றால் இணைக்கும்போது லொக்கேஷனை ஆன் செய்யுங்கள். புதிய போன் என்றால் 'அருகிலுள்ள சாதனங்கள்' அவசியம். லொக்கேஷன், நடந்த பாதையை வரைபடத்தில் பார்க்க விரும்பினால் கொடுக்கலாம்.

அழைப்பு வரும்போது அதிர வேண்டுமானால் போன் பெர்மிஷன் வேண்டும். அழைப்பவரின் பெயர் தெரிய கான்டாக்ட்ஸ் பெர்மிஷன் வேண்டும். வாட்ஸ்அப் போன்றவற்றின் செய்திகள் பேண்டில் வர, 'நோட்டிபிகேஷன் ஆக்சஸ்' என்ற தனி இடத்தில் அந்த ஆப்பை ஆன் செய்ய வேண்டும். இதைக் கொடுத்தால் உங்கள் போனில் வரும் எல்லா நோட்டிபிகேஷனையும் அந்த ஆப் படிக்க முடியும். பேங்க்கின் ஓ.டி.பி.யும் அதில் இருக்கலாம். ஆகவே பெயர் தெரியாத நிறுவனத்தின் ஆப் என்றால் யோசித்துக் கொடுங்கள். அப்பா போனில் இதை நான் ஆன் செய்யவே இல்லை. அழைப்பு மட்டும் போதும் என்று விட்டுவிட்டேன்.

பிளே ஸ்டோர் அல்லாமல் ஏ.பி.கே. கோப்பாக ஆப்பைப் போட்டிருந்தால், ஆண்ட்ராய்டு 13 முதல் இந்த ஆப்ஷன் மங்கலாகத் தெரிந்து, தட்டினாலும் ஆன் ஆகாமல் இருக்கலாம். போன் கெட்டுவிடவில்லை. திருட்டு ஆப்களைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. பிளே ஸ்டோரிலிருந்தே போட்டுவிடுவது தொல்லை இல்லாத வழி.

பதினோரு மிஸ்டு கால்

எல்லாம் முடித்து, என் போனிலிருந்து அழைத்துப் பார்த்தேன். அப்பா கை அதிர்ந்தது. சிரித்தார். நானும் சென்னைக்கு ரயிலேறிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கோயிலுக்குப் போன அம்மா படியில் கால் பிசகி விழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. அப்பாவுக்கு அழைத்தார். ஒரு முறை அல்ல, பதினோரு முறை. அப்பா வழக்கம்போல் திண்ணையில் இருந்தார். பேண்ட் கையில்தான் இருந்தது. அதிரவே இல்லை. கடைசியில் பூக்கடைக்காரர் ஒருவர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். நல்ல வேளை, எலும்பு முறிவு இல்லை. "நீ வாங்கிக் கொடுத்த வாட்சை நம்பித்தானேடா போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் விட்டேன்" என்று அப்பா சொன்னபோது எனக்குப் பதில் இல்லை.

என்ன நடந்தது? அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். அப்பாவுக்கு ஒரு பழக்கம். படுக்கும் முன் போனில் திறந்திருக்கும் எல்லா ஆப்களையும் மேலே தள்ளி மூடிவிடுவார். "சுத்தமா வச்சிருக்கேன்" என்பார். அதில் பேண்டின் ஆப்பும் போய்விட்டது. எல்லாப் போன்களிலும் இப்படித் தள்ளினால் ஆப் முழுதாக நின்றுவிடாது. ஆனால் பேட்டரியை மிச்சப்படுத்துவதில் ஆர்வம் மிகுந்த சில போன்கள் அதோடு கணக்கை முடித்துவிடும். தவிர, 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் திரை அணைந்து கிடக்கும் போன் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய், பின்னணியில் ஓடும் ஆப்களின் வேலைகளைத் தள்ளிப்போடும். நாள் முழுதும் மேஜையில் கிடக்கும் போனைவிட அதற்குப் பொருத்தமான போன் ஏது? அழைப்பு போனுக்கு வரும். அதைப் பேண்டுக்குச் சொல்ல வேண்டிய ஆப் உயிரோடு இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், பேண்டின் ஆப்பைத் தட்டி, பேட்டரி என்பதில் 'கட்டுப்பாடு இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய போன்களில் 'ஆப்டிமைஸ் செய்யாதே' என்று இருக்கும். ஆட்டோஸ்டார்ட் என்ற ஆப்ஷன் உங்கள் போனில் இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் போனை அணைத்துப் போட்டதும் மறுபடி பிரச்சினை வரும். திறந்திருக்கும் ஆப்களின் பட்டியலில் பேண்டின் ஆப்பை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் பூட்டுப் படம் வரும். அதைத் தட்டிவிட்டால், அப்பா போன்றவர்கள் எல்லாவற்றையும் மூடினாலும் அது மட்டும் தப்பிக்கும். பேட்டரி சேவரை எப்போதும் ஆன் செய்து வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மேலே நோட்டிபிகேஷன் பகுதியில் 'பேண்ட் இணைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி நிரந்தரமாக இருக்கும். எரிச்சலாக இருக்கிறது என்று அதை மறைத்துவிடாதீர்கள். ஆப் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு நம் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் அதுதான். பேண்டிலும் 'டு நாட் டிஸ்டர்ப்' ஆனாகியிருக்கிறதா என்று பாருங்கள். கை பட்டே அது ஆன் ஆகிவிடுவதுண்டு.

இன்னும் சில

வாட்சிலேயே பேசும் வசதி உள்ள மாடல்களில் புளூடூத் பட்டியலில் ஒரே வாட்ச் இரண்டு பெயர்களில் வரலாம். ஒன்று தகவலுக்கு, மற்றொன்று குரலுக்கு. குரலுக்கானது ஹெட்செட் போன்ற பழைய வகை புளூடூத். அதைத் தனியாக அனுமதிக்க வேண்டும். இரண்டாவது பெயரைத் தேவையில்லை என்று நீக்கினால் பேச்சு போய்விடும்.

தமிழில் வரும் செய்தி பேண்டில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? பேண்டின் உள்ளே தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். சிலவற்றில் எழுத்து வரும், ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யூனிகோடில் 'கொ' என்பதில் க முதலில், உயிர்க்குறி பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் போடும் வேலையைத் திரையில் காட்டும் சாப்ட்வேர் செய்ய வேண்டும். விலை குறைந்த பேண்டுகளில் அந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். நாம் செய்யக்கூடியது, பர்ம்வேர் அப்டேட் வந்தால் போட்டுப் பார்ப்பது மட்டுமே.

போனை மாற்றும்போது பழைய போனில் அன்பேர் செய்துவிட்டுத்தான் போனைக் கொடுக்க வேண்டும். கூகுளின் வேர் ஓ.எஸ். கொண்ட வாட்ச்களை வேறு போனுக்கு மாற்ற முன்பெல்லாம் முழுதாக ரீசெட் செய்ய வேண்டியிருந்தது. 2023-ல் வந்த நான்காம் பதிப்பில் இந்தத் தொல்லை தீர்ந்தது. சாதாரணப் பேண்டுகளில், முதலில் ஆப்பில் சின்க் செய்து, அதே கணக்கில் புதிய போனில் நுழைந்தால் பழைய விவரங்கள் திரும்ப வந்துவிடும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறேன். பேண்ட் அதிர்ந்தால் அவர் திரும்ப அழைப்பார். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வராவிட்டால் பக்கத்து வீட்டு எண்ணில் கூப்பிட்டு, "ஆப்பைத் திறந்து பாருங்கப்பா" என்கிறேன். போன மாதம் இரண்டு தடவை அப்படிக் கூப்பிட வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் பேண்ட் சார்ஜரில் இருந்தது.