புது மோட்டாரும் பட்டறைப் பிரதக்ஷிணமும்

திருவண்ணாமலையில் 14 கிலோ மீட்டர் கிரிவலம் வந்தால் புண்ணியம் உண்டு. புதிதாய் வாங்கிய மோட்டார் பழுதாகிப் பட்டறையை வலம் வருகிறவருக்கு என்ன உண்டு? சட்டம் உண்டு!

2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், தாம் வசிக்கும் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. வழக்குக்குக் காரணம் தோன்றிய 2 வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். வக்கீல் வைத்தே தீரவேண்டுமென்ற நிர்ப்பந்தமில்லை.

ஆனால் ஒன்று. பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக மட்டுமே உத்தரவாதப் பத்திரம் சொல்லுமானால், முழு வண்டியையும் மாற்றித் தரும்படி உத்தரவிடுவதற்கில்லை என்று 2006-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆகையால், பணம் கொடுக்குமுன் பத்திரத்தை ஊன்றிப் படியுங்கள். பட்டறைச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். நாளை உங்களுக்காகச் சாட்சி சொல்லப் போகிறவை அவையே.