பெட்டி பழையது, பொருள் அரியது

கரியாஹாட்டிலும் அதையடுத்த லேக் மார்க்கெட் பகுதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, தலைமுறைகளாகக் கொல்கத்தாவையே ஊராகக் கொண்டவை. பாட்டனாரின் கடிதங்கள், பாட்டியின் குரல், கல்யாணப் படங்கள் ஆகியவை முன்பு தகரப் பெட்டியில் இருந்தன. இன்று பல வீடுகளில், அலமாரி மேல் சிறு விளக்கு மினுக்க உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் அவை குடியேறிவிட்டன. வீட்டுக் கணினிகளும் கைப்பேசிகளும் ஒருங்கே எடுத்தாளக்கூடிய இந்தச் சேமிப்புப் பெட்டியை ‘நாஸ்’ என்பர். பத்தாண்டு உழைத்த அப்பெட்டி முனகத் தொடங்கினால் என் செய்வது? எறிவதா, திருத்துவதா?

முதலில் பெட்டியின் உள்ளமைப்பைக் காண்போம். அது ஒரு சிறு கணினியே. ஒரு மின்பலகை, காற்றாடி ஒன்று, சுழலும் ஹார்டு டிஸ்க் ஒன்றோ இரண்டோ பலவோ, வெளியே ஒரு மின் அடாப்டர், இவ்வளவுதான். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்க் சாதனத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. எடையோ ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். எழுத்துக்கு ஒரு பைட் என்று கொண்டால், இன்று உள்ளங்கையில் அடங்கும் 4 டெராபைட் டிஸ்க் அதைப்போல் எட்டு லட்சம் மடங்கு கொள்ளும். ஆனால் தட்டு சுழலவேண்டும், அதன்மேல் தலை மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதக்கவேண்டும் என்ற தத்துவம் மாறவில்லை. சுழல்வது எதுவும் ஒருநாள் தேயும்.

தேய்மானத்தை எதிர்பார்த்தே இரு டிஸ்க்குகளில் ஒரே செய்தியை எழுதும் ‘கண்ணாடி’ முறை கையாளப்படுகிறது. மலிவான டிஸ்க்குகளைக் கூட்டாக இயக்கும் இத்தகைய முறைகளை 1988இல் பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் ‘ரெய்டு’ என்ற பெயரில் வகைப்படுத்தினர். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். ஆயினும் இது காப்புப் பிரதி ஆகாது. தவறுதலாக ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அக்கணமே அழியும். 2019 ஜனவரியில் கரியாஹாட் நாற்சந்தியருகே ஒரு பழைய கட்டடத்தில் பற்றிய தீ, துணிக்கடைகளை எரித்ததோடு மாடியில் குடியிருந்தோரையும் நள்ளிரவில் வெளியேற்றியது. அத்தகைய வேளையில் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரு டிஸ்க்குகளால் யாது பயன்?

ஆகவே முதல் விதி: திருப்புளியைக் கையில் எடுக்குமுன், வேறொரு டிஸ்க்கில் அனைத்தையும் நகலெடுங்கள். பெட்டி ‘டக், டக்’ என்று ஒலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். சோதனைக்காக மீண்டும் மீண்டும் இயக்குவது நோயாளியை ஓடச் சொல்வது போலாகும்.

இனி, நோயறிதல். பெட்டி எழவில்லை என்றாலோ, எழுந்து எழுந்து விழுந்தாலோ முதலில் அடாப்டரை ஐயுறுக. டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும் கணத்தில்தான் மிகுந்த மின்னோட்டம் வேண்டும். நலிந்த அடாப்டர் அப்போதுதான் தோற்கும். புதிதாக வாங்கும் அடாப்டரின் வோல்ட் பழையதற்குச் சமமாகவும், ஆம்பியர் குறையாமலும், முனைகளின் கூட்டல் கழித்தல் மாறாமலும் இருத்தல் வேண்டும். காளிகாட்டில் மெட்ரோ ஏறிச் சாந்தினி சௌக்கில் இறங்கினால், அங்குள்ள கடைத்தெருவில் இதுபோன்ற உறுப்புகளைத் தேடலாம்.

அடுத்து மின்பலகை. வெப்பத்தில் உலர்ந்து தலை உப்பிய மின்தேக்கிகளும், நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரியும் மாற்றத்தக்கவை. காற்றாடியில் தூசி அடைத்தால் உள்ளே சூடேறும்; கொல்கத்தாவின் ஈரக் காற்றில் அத்தூசி பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். சில பழுதுகள் பிறவிப் பழுதுகள். இன்டெல்லின் ஆட்டம் சி2000 வகைச் சில்லுகளில் கடிகாரத் துடிப்பு நாளடைவில் நின்றுபோகும் குறை 2017இல் வெளியாயிற்று. அச்சில்லு அமைந்த சேமிப்புப் பெட்டிகள் சில திடீரென உயிரிழந்தன.

பலகையே இறந்தாலும் கலங்கவேண்டா. பெரும்பாலான வீட்டுப் பெட்டிகள் லினக்ஸ் முறையில் எழுதுபவை. டிஸ்க்கைக் கழற்றி லினக்ஸ் கணினி ஒன்றில் ‘படிக்க மட்டும்’ என்ற நிலையில் இணைத்தால், கண்ணாடி முறைப் பெட்டியின் கோப்புகளைப் பெரும்பாலும் மீட்கலாம்.

டிஸ்க்கின் உடல்நிலையை அதுவே குறித்துவைக்கும். ‘ஸ்மார்ட்’ அறிக்கையில் 5ஆம் எண் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளையும், 197ஆம் எண் படிக்க இயலாது காத்திருக்கும் பகுதிகளையும் காட்டும். இவை நாளுக்குநாள் ஏறினால் டிஸ்க்கை மாற்றுக.

கொள்ளளவைப் பெருக்க விரும்புவோர் கண்ணாடி முறையில் ஒரு டிஸ்க்கை மாற்றி, நகல் முற்றுப்பெறும் வரை பொறுத்து, பின்னரே மற்றதை மாற்றவேண்டும். அந்தப் பல மணி நேரமும் பழைய டிஸ்க் ஓயாது உழைக்கும். அப்போது அதுவும் சாகக்கூடும் என்பதாலேயே முதல் விதியை வற்புறுத்தினோம். கூரையில் ஓடு அடுக்குவதுபோல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியவைத்து எழுதும் ‘எஸ்.எம்.ஆர்.’ டிஸ்க்குகள் இப்பணியில் மிகவும் தாமதிக்கும், ‘சி.எம்.ஆர்.’ வகையே ஏற்றது. மிகப் பழைய பெட்டிகள் 512 பைட் கொண்ட பகுதிகளை 32 பிட்டு எண்ணால் எண்ணுவதால், ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு மேல் காணமாட்டா. பெரிய டிஸ்க் வாங்குமுன் இதை விசாரிப்பது நன்று.

வேகம் குறைவாயின் கம்பியையும் ரவுட்டரையும் பாருங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வழியில் ஒரு டெராபைட் கடக்க, கணக்குப்படியே 22 மணிக்கு மேலாகும். கிகாபிட் வழியில் இரண்டே கால் மணி.

மின்வெட்டும் பகையே. 2020 மே 20ஆம் நாள் அம்பான் புயல் தாக்கியபோது நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் கோப்பு சிதையும். சிறிய யு.பி.எஸ். ஒன்று, பெட்டியை முறையாக நிறுத்தும் அவகாசம் தரும்.

கண்ணுக்குத் தெரியாத மூப்பு ஒன்றும் உண்டு. 2015க்குப் பின் மென்பொருள் திருத்தம் பெறாத ‘மை புக் லைவ்’ பெட்டிகளுக்குள் 2021 ஜூனில் இணையத்தின் வழியே எவரோ புகுந்து, உலகெங்கும் பலருடைய கோப்புகளைத் துடைத்தழித்தனர். உறுப்புகள் நலமாயிருந்தும் செல்வம் போயிற்று. திருத்தம் நின்றுபோன பெட்டியை இணையத்திலிருந்து பிரித்து, வீட்டுக்குள் இரண்டாம் பிரதி காக்கும் பணிக்கு வைத்துக்கொள்ளலாம். முதற் பொறுப்பைப் புதியதிடம் ஒப்படைக்கலாம்.

மூன்றாம் பிரதியை எங்கே வைப்பது? கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு டிஸ்க்கை எடுத்துச் சென்று உறவினர் வீட்டில் வைத்து வாருங்கள். அடுத்த ஆண்டு புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கி வரலாம். பெட்டியைக் கடையில் வாங்கிவிடலாம். பாட்டியின் குரலை எந்தக் கடையிலும் விற்பதில்லை.