மூலையில் நின்று ஜெயித்தவர்

நம் சங்க இதழில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதினால் படிக்கப் பலர் உண்டு. நான் எழுத எடுத்துக்கொண்டது சடுகுடு. அதிலும், பாடிப் போய்ப் புள்ளி கொண்டு வருகிறவரை விட்டுவிட்டு, மூலையில் நின்று காலைப் பிடிக்கிற ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். 2017-இல் நம் புனே அணியான புனேரி பல்டனுக்காக ஆடியவர்.

நம் ஊரில் சடுகுடு, இந்த மராட்டிய மண்ணில் ஹுதுதூ, நாடு முழுவதற்கும் கபடி. களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஏழு பேர். எதிரணியிலிருந்து பாடி வருகிறவருக்கு 30 விநாடி நேரம். அதற்குள் யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினால் அவருக்குப் புள்ளி. தடுக்கும் வரிசையின் இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்களைக் கார்னர் என்பார்கள். சேரலாதன் வலது கார்னர்.

கார்னருக்கு முதல் வேலை காத்திருப்பது. பாடி வருகிறவர் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டுவார். அந்தக் கணத்தில் பாய்ந்து கணுக்காலைப் பற்ற வேண்டும். அரை விநாடி முந்தினால், தொட்டுவிட்டுத் தப்பிவிடுவார். அரை விநாடி பிந்தினால் கால் அங்கே இருக்காது. கூட்டம் கத்துவது பெரும்பாலும் பாடிப் போகிறவரின் பெயரைத்தான்.

அமெரிக்கக் கால்பந்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. அங்கே பிள்ளைகளைப் பார்க்கப் போய் வந்தவர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பந்தை எறிகிறவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் போல நின்று எதிரிகளைத் தடுப்பார்கள். பந்தோடு ஓடுவது அவர்கள் வேலையில்லை. அந்த ஐவரில் நடுவே நின்றவர் ஜெஃப் சாட்டர்டே. 1998-இல் முப்பது அணிகள் ஏழு சுற்றுகளாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஒரு அணியும் இவரை எடுக்கவில்லை. அந்த வேலைக்கு உடல் போதாது என்று நினைத்தார்கள். பிறகு பால்டிமோர் அணி சேர்த்துக்கொண்டு, சில வாரங்களில் அனுப்பிவிட்டது. அவர் மின்சாதனப் பொருள்கள் விற்கும் கடையில் வேலைக்குப் போனார். இண்டியானாபொலிஸ் அணியில் இருந்த பழைய கல்லூரி நண்பர் ஒருவர், இவரை ஒரு முறை பாருங்கள் என்று நிர்வாகத்திடம் சொல்ல, 1999-இல் அந்த அணியில் இடம் கிடைத்தது. அதன் பிறகு 14 பருவங்கள் ஆடினார். 2007-இல் சூப்பர் பௌல் வென்ற அணியில் அவர்தான் நடுவில் நின்றார். 2013-இல் ஓய்வு பெற்றார்.

சேரலாதனும் சாட்டர்டேயும் பிறந்தது ஒரே ஆண்டு, 1975. ஆனால் அமெரிக்கர் ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டில்தான் நம்மவருக்குப் பெரிய மேடையே கிடைத்தது. 2014 ஜூலையில் புரோ கபடி லீக் தொடங்கியது. அதுவரை கபடி வீரர்களுக்கு வாழ்வு தந்தது ரயில்வே, போலீஸ், வங்கி போன்ற இடங்களின் வேலையும் அவற்றின் அணிகளும்தான். முதல் ஏலத்தில் அதிகபட்சமாக 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்குப் போன ராகேஷ் குமாரும் எங்கள் ரயில்வேக்காரரே. பெங்களூர் அணியில் சேரலாதன் இறங்கியபோது அவருக்கு வயது 39. மற்றவர்கள் ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளராகும் வயது அது.

2016-இல் அவர் பாட்னா அணியின் கேப்டன். அந்த அணிக்காகப் பாடிப் போய்ப் புள்ளிகளைக் குவித்த பர்தீப் நர்வாலுக்கு வயது 19, கேப்டனுக்கு 41. ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் இரானை 38-29 என்று வென்று உலகக் கோப்பை பெற்ற இந்திய அணியிலும் சேரலாதன் இருந்தார். அடுத்த ஆண்டு புனே, 2018-இல் மும்பை, 2019-இல் ஹரியானா என்று 44 வயதிலும் களத்தில் நின்றார். உடன் ஆடிய பையன்களுக்கு அவர் 'அண்ணா'.

நான் டிப்ளமோ படித்து ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன். ரயில் பெட்டியைப் பார்ப்பார்கள், என்ஜினைப் பார்ப்பார்கள். தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் ஜல்லியை யாரும் பார்ப்பதில்லை. அந்த ஜல்லி சரியாக இறுகியிருந்தால்தான் வண்டி வேகமாகப் போக முடியும். அதனாலோ என்னவோ, கபடி பார்க்கும்போதும் என் கண் மூலைக்கே போகிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. இங்கே விமான் நகரில், ஆண்டுதோறும் கல்லூரி வளாகத் தேர்வு முடிந்ததும் சில தமிழ்க் குடும்பங்கள் வெளியே வருவதைக் குறைத்துக்கொள்கின்றன. பொங்கல் விழாவுக்கு ஒரு தாயைக் கூப்பிட்டேன். "வேண்டாம் சார், பையனுக்கு வேலை கிடைச்சாச்சான்னு எல்லாரும் கேப்பாங்க" என்றார். பையனுக்கு வயது 22. மூன்று கம்பெனிகள் அவனை வேண்டாம் என்றிருக்கின்றன. அவ்வளவுதான் நடந்தது. அதற்கு ஒரு குடும்பமே கதவைச் சாத்திக்கொள்கிறது.

எடுக்கப்படாதவர்கள் எல்லோரும் சாட்டர்டே ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு அந்த இரண்டாவது அழைப்பு வருவதே இல்லை. ஆனால் வந்த அன்று தயாராக இருந்தவர்களுக்குத்தான் அது பயன்பட்டது. 39 வயதில் வாய்ப்பு வந்தபோது சேரலாதனின் பிடி தளராமல் இருந்ததென்றால், தொலைக்காட்சி இல்லாத காலத்திலும் அவர் பயிற்சியை விடவில்லை என்பதே பொருள். சாட்டர்டேக்கோ, நினைவு வைத்துப் பேச ஒரு நண்பர் இருந்தார். பயிற்சி பிள்ளைகளின் பொறுப்பு. அந்த நண்பரின் வேலையைச் செய்ய வேண்டியவர்கள் நாம். நம் சங்கத்தில் பெரிய பொறுப்புகளில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். விழாவில் ஒரு பையனைப் பார்த்தால், வேலை கிடைத்ததா என்று கேட்பதற்குப் பதில், என்ன தெரியும் என்று கேளுங்கள். தெரிந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அடுத்த முறை பாலேவாடி அரங்கில் கபடி நடந்தால் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். பாடி வருகிறவரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மூலையில் நிற்பவரை நீங்கள் காட்டுங்கள்.