காலிலே காது! இருட்டில் மாப்பிள்ளை தேடும் சுவர்க்கோழி

இரவு நேரம். விளக்கை அணைத்தாகி விட்டது. சுவர் இடுக்கில் இருந்து "கிரீச்... கிரீச்..." என்று சத்தம் வருகிறது. "சுவர்க்கோழி கத்துகிறது" என்கிறோம்.

உண்மையில் அது வாயால் கத்துவது இல்லை. முன் சிறகுகள் இரண்டையும் உரசுகிறது. ஒரு சிறகில் அரம் போன்ற பற்கள் இருக்கின்றன. மறு சிறகின் ஓரம் அவற்றின் மீது உரசும்போது சத்தம் பிறக்கிறது.

பாடுவது ஆண்தான். பெண் அதைக் கேட்டு, பாடுகிறவனைத் தேடி நடந்து போகும். அதன் காது எங்கே இருக்கிறது தெரியுமா? முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே!

டெலிபோனில் காதல்

பெண் பாட்டைக் கேட்டுத்தான் வருகிறதா? வாசனை பிடித்தும் வரலாம் அல்லவா?

இதை 1913-ம் ஆண்டில் யோஹான் ரேகன் என்ற விஞ்ஞானி சோதித்தார். ஆண் பூச்சியை டெலிபோன் முன்னால் பாட விட்டார். அந்தப் பாட்டு வேறு இடத்தில் இருந்த பெண் பூச்சிக்கு டெலிபோன் வழியாகக் கேட்டது. ஆணைப் பார்க்க முடியாது. வாசனையும் இல்லை. ஆனாலும் பெண் டெலிபோன் குழலை நோக்கி நடந்தது!

உரக்கவா, மெதுவாகவா?

இதில் ஒரு சிக்கல் உண்டு. அருகில் பாடினால் உரக்கக் கேட்கும். தூரத்தில் பாடினால் மெதுவாகக் கேட்கும். புல்லும் கல்லும் குறுக்கே நின்றால் இன்னும் குறையும். அதே இரவில் வேறு இனப் பூச்சிகளும் பாடுகின்றன. தவறான பாட்டைத் தேடிப் போனால் நடந்தது வீண். சந்ததியும் இல்லை. வழியில் தவளைக்கு இரையாகவும் நேரலாம்.

ஆகையால் பெண் பூச்சி சத்தத்தின் அளவை நம்புவது இல்லை. தாளத்தை நம்புகிறது!

இனத்துக்கு இனம் தாளம் வேறு. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பாவில் வாழும் இரட்டைப்புள்ளிச் சுவர்க்கோழியின் பாட்டில், ஒரு "கிரீச்"சுக்குள் சுமார் 4 துடிப்புகள் உண்டு. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள நேரம், ஒரு வினாடியில் சுமார் 25-ல் ஒரு பங்கு!

பழகும் நரம்பு

வெயிலில் இருந்து வீட்டுக்குள் வந்தால் முதலில் இருட்டாக இருக்கும். சற்று நேரத்தில் கண் பழகிவிடும். சுவர்க்கோழியின் நரம்பும் இப்படித்தான்.

காதுச் செய்தியை மூளைக்குக் கொண்டு போகும் நரம்பணு ஒன்றைப் பற்றி, பெண்டா, ஹென்னிக் என்ற விஞ்ஞானிகள் 2008-ல் எழுதினார்கள். உரத்த பாட்டு வந்தால் அது முதலில் வேகமாகச் செய்தி அனுப்புகிறது. உடனே தணிந்து விடுகிறது. கடைசியில் உரத்த பாட்டும் மெல்லிய பாட்டும் ஏறக்குறைய ஒரே அளவாகி விடுகின்றன. தாளம் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஐந்தே நரம்பணுக்கள்

தாளத்தைச் சோதிப்பது யார்? 2015-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் இதற்கு விடை கண்டார்கள். இரட்டைப்புள்ளிச் சுவர்க்கோழியிடம் இந்த வேலையைச் செய்வது ஐந்தே நரம்பணுக்கள்!

ஒவ்வொரு துடிப்பின் செய்தியும் இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று நேர் வழி. மற்றொன்று தாமதமாகச் செல்லும் வழி. முதல் துடிப்பின் தாமதச் செய்தியும் அடுத்த துடிப்பின் நேர்ச் செய்தியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால், "இது நம்ம பாட்டு" என்று மூளை அறிகிறது. தாளம் தப்பினால் இரண்டும் சந்திப்பது இல்லை.

அப்படியானால் சத்தத்தின் அளவால் பயனே இல்லையா? உண்டு! எந்தப் பக்கத்துக் காதில் உரக்கக் கேட்கிறதோ, அந்தப் பக்கம் பெண் திரும்புகிறது. "யார்?" என்பதைத் தாளம் சொல்கிறது. "எங்கே?" என்பதைச் சத்தம் சொல்கிறது.

இன்று இரவு சுவர் இடுக்கில் அந்தப் பாட்டு கேட்டால் எரிச்சல்பட வேண்டாம். தாளம் தவறாமல் ஒருவன் பாடிக் கொண்டிருக்கிறான். எங்கோ இருட்டில் ஒருத்தி காலால் கேட்டுக் கொண்டிருக்கலாம்!